சூட்டில் மட்டும் விழாத கியர்

என்னிடம் உள்ள டீசல் ஜீப்புக்கு இருபது வயது கடந்துவிட்டது. நாமக்கல்லில் அன்றாட வேலைகளுக்கும், அவ்வப்போது கொல்லிமலை ஏறுவதற்கும் அதைத்தான் எடுக்கிறேன். சென்ற கோடையில் அதன் கியரில் ஒரு சிக்கல் தொடங்கியது. காலையில் வண்டியை எடுக்கும்போது எல்லாக் கியரும் வெண்ணெய் போல் விழும். வெயில் ஏறி, பேருந்து நிலையப் பக்கத்து நெரிசலில் சிறிது நேரம் ஊர்ந்த பிறகு, சிக்னலில் நின்று முதல் கியர் போட முயன்றால் லீவர் உள்ளே போக மறுக்கும். ரிவர்ஸ் போட்டாலோ பற்கள் உரசிக் கத்தும். அதே வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்துப் பட்டறைக்குக் கொண்டுபோனால், ஒரு குறையும் தெரியாது.

பார்த்தவர்கள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்கள்: கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். லாரிகளோடு வாழும் ஊர் இது. இங்குள்ள மிஸ்திரிகளின் கை அனுபவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால், பழுது இல்லாத நேரத்தில் வண்டியைப் பார்த்து யார் சொல்வதும் ஊகமாகத்தான் இருக்க முடியும். கியர்பாக்ஸை இறக்குவது ஒரு முழு நாள் வேலை. பழுது வெளியே இருந்தால் அந்தக் கூலியும் சாமான் செலவும் வீண். அதனால், எதையும் கழற்றுவதற்கு முன்னால், பழுது எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் வருவதில்லை என்பதை ஒரு நோட்டில் குறித்துவரத் தொடங்கினேன்.

அந்த நோட்டில் இருந்த ஒரு செய்தி மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அந்த ஏற்றத்தில் எஞ்சின் நகரத்தில் இருப்பதைவிட அதிகமாகவே சூடேறும். மூன்றில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து ஒன்று என்று கை ஓயாமல் கியர் மாற்ற வேண்டும். ஆனால் அங்கே ஒரு முறைகூடக் கியர் முரண்டு பிடிக்கவில்லை. அப்படியானால் சூடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மலையில் கிளட்சை மிதித்ததும் கியரை மாற்றிவிட்டுக் காலை எடுத்துவிடுகிறோம். சிக்னலில் மிதித்தபடியே காத்திருக்கிறோம். வேறுபாடு மிதிக்கும் நேரத்தில் இருந்தது.

அடுத்ததாக, பழுது வந்திருக்கும்போதே செய்து பார்க்க வேண்டிய சோதனைகள். நெரிசலில் சிக்கல் தலைகாட்டியதும் ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். ரிவர்ஸ் உட்பட எல்லாம் தடையின்றி விழுந்தன. லீவர், செலக்டர், இணைப்புக் கம்பிகள் ஆகியவற்றில் கோளாறு இல்லை என்பதை அது காட்டியது. மறுபடியும் ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்துக் கிளட்சை முழுவதுமாக மிதித்து, சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் போட்டால் கத்தியது. பழைய கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர், அதாவது பற்கள் சேருமுன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, இருப்பதில்லை. கிளட்ச் முழுமையாக விலகினால் எஞ்சின் பக்கமிருந்து கியர்பாக்ஸுக்குள் செல்லும் ஷாஃப்ட் சில நொடிகளில் நின்றுவிடும், ரிவர்ஸ் ஓசையில்லாமல் விழும். கத்துகிறது என்றால் ஷாஃப்ட் இன்னும் சுற்றுகிறது என்று பொருள். இதைவிட நேர்மையான கிளட்ச் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. உடனே மிதியை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்துவிட்டுப் போட்டபோது, ரிவர்ஸ் அமைதியாக விழுந்தது.

மிதியை அடித்தால் சரியாகிறது என்பது கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் பகுதியை நோக்கிக் கைகாட்டியது. இந்த வண்டியில் கேபிள் கிடையாது. மிதி மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள, அங்கிருந்து ஆயில் குழாய் வழியாக வந்து பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேலுள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ள, அதன் கம்பி கிளட்ச் ஃபோர்க்கை நகர்த்துகிறது. ஆனால் இதைச் சொன்னபோது வந்த மறுப்பு ஒன்றுதான்: ஆயில் மட்டம் குறையவே இல்லையே, ஒழுகல் எங்கும் இல்லையே, ஹைட்ராலிக் எப்படிக் கெட்டிருக்கும்? அதற்கு அளந்துதான் பதில் சொல்ல முடியும்.

அக்காள் மகனை உட்கார வைத்துக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஆறு அங்குல இரும்பு ஸ்கேலோடு வண்டிக்கு அடியில் போனேன். காலைக் குளிர்ச்சியில் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி 14 மில்லிமீட்டர் நகர்ந்தது. மிதித்தபடியே வைத்திருந்தபோதும் ஏறத்தாழ அங்கேயே நின்றது. நெரிசலில் ஓட்டிவிட்டு வந்த மதியத்தில் மறுபடி பார்த்தோம். முதல் மிதிக்கு அதே 14 மில்லிமீட்டர். ஆனால் அவன் காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே, ஃபோர்க்கின் முனை கண்ணெதிரே மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது. ஒரு நிமிடத்துக்குள் ஸ்கேல் 9 மில்லிமீட்டரைக் காட்டியது. "மாமா, மிதி தானாக் கீழே போகுது" என்று மேலிருந்து அவன் சொன்னான்.

கம்பி முழு தூரமும் நகர்ந்து அங்கேயே நின்ற பிறகும் ரிவர்ஸ் கத்தியிருந்தால், ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம், ஷாஃப்டின் வரிப்பற்களான ஸ்ப்லைனில் ஒட்டியிருக்கலாம். அப்போது கியர்பாக்ஸை இறக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. கம்பி பின்வாங்குகிறது என்றால் பழுது பெல் ஹவுசிங்குக்கு வெளியே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்குவதா வேண்டாமா என்ற கேள்வியை அந்த ஸ்கேல்தான் முடித்துவைத்தது.

இனி வெளியே எங்கே என்பதுதான் மிச்சம். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே காய்ந்த தூசிதான் இருந்தது. ஸ்லேவின் சீல் கெட்டால் ஆயில் வெளியேதான் வந்தாக வேண்டும், திரும்பிப் போக அதற்கு வேறு பாதை இல்லை. ரப்பர் ஹோஸ் உப்பினால் முதல் மிதியிலேயே நகர்வு குறைந்திருக்கும். ஆயிலில் ஊறிய ஈரம் கொதித்து ஆவியாகியிருக்குமோ என்றும் யோசித்தேன். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஊற்றும் டாட் 3 வகை ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி. சைலன்சர் குழாய்க்கு அருகில் இருக்கும் ஸ்லேவுக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்திதான். ஆனால் ஆவி சேர்ந்திருந்தால் மிதி பஞ்சாக அமுங்கியிருக்கும், முதல் மிதிக்கு முழு 14 மில்லிமீட்டர் வந்திருக்காது. எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் இடையிலுள்ள தகடான ஃபயர்வாலில் மாஸ்டர் சிலிண்டர் பொருத்திய இடத்தில் விரிசல் விட்டுத் தகடு வளைகிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை.

மிஞ்சியது மாஸ்டர் சிலிண்டர். அதன் பிஸ்டன் முனையிலுள்ள ரப்பர் கப்பின் உதடு சிலிண்டர் சுவரோடு அழுந்தி நிற்க வேண்டும். வேகமாக மிதிக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, தேய்ந்த உதட்டையும் சுவரோடு ஒட்டவைத்துவிடுகிறது. நிதானமாகப் பிடித்து வைத்திருக்கும்போது ஆயில் உதட்டைச் சுற்றி நழுவி, பிஸ்டனின் பின்பக்கத்துக்குப் போய், அங்குள்ள துளை வழியாக மேலேயுள்ள டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. மட்டம் குறையாததற்குக் காரணம் இதுதான். சூடேறிய ஆயில் இளகிவிடுவதால் நழுவுவது இன்னும் எளிதாகிறது. நகர நெரிசலில் வந்து, மலையில் வராமல், குளிர்ந்ததும் மறைந்துபோன பழுதின் மூன்று குணங்களும் இந்த ஒரு விளக்கத்தில் பொருந்தின.

கழற்றிய மாஸ்டர் சிலிண்டரை இருவருமாகப் பிரித்துப் பார்த்தோம். கப்பின் உதடு ஒரு பக்கம் மழுங்கியிருந்தது; டப்பாவின் அடியில் ரப்பர் கரைந்த கறுப்பு வண்டல் படிந்திருந்தது; சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டினால் கீறல் தட்டுப்பட்டது. கீறல் விழுந்த சுவருக்குள் புது வாஷர் கிட் (ரப்பர் கப், சீல்கள் மட்டும்) போடுவதை நான் ஏற்க மாட்டேன், புதிய ரப்பரும் சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால் முழு மாஸ்டர் சிலிண்டரையும், கூடவே பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஏர் எடுத்தோம். இந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும். சிந்திய இடத்தை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

பிறகு அதே நெரிசலில் ஓட்டி, அதே மதிய வெயிலில் அளந்தபோது, 14 மில்லிமீட்டர் அசையாமல் நின்றது. ரிவர்ஸ் ஓசையின்றி விழுகிறது. மூன்றில் இருந்து இரண்டுக்கு இறங்கும்போது குளிரில் கேட்கும் லேசான உரசல் மட்டும் இன்னும் இருக்கிறது. அது எல்லா நாளும் ஒரே மாதிரி வருவது. இரண்டாம் கியரின் சின்க்ரோனைசர் ரிங் தேய்ந்ததன் அறிகுறி. அதை, கிளட்ச் பிளேட் தேய்ந்து கியர்பாக்ஸை உண்மையிலேயே இறக்க வேண்டிய நாளில் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாக மிஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.