சௌரிராஜன் என்றால் எந்த ஊர்?

சௌரிராஜன் என்ற என் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதலில், "சார் கிறிஸ்டியனா?" இல்லை என்றால், "அப்ப அய்யங்காரா?" அதுவும் இல்லை என்றதும் ஆள் குழம்பிப் போவார். நன்னிலம் பக்கம் குறுவை, தாளடி என்று நெல் விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. திருமருகலிலோ திருப்புகலூரிலோ என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "கண்ணபுரத்துப் பக்கமா?" என்பார்கள். அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

எங்கள் காவிரி டெல்டாவில் பாதிப் பெயர்கள் இப்படித்தான், ஊர்ச் சாமியை வைத்து வந்தவை, ஆளைவிட ஊரைத்தான் சொல்லும். காயாரோகணம் என்றால் நாகப்பட்டினம். சிங்காரவேலு என்றால் சிக்கல். ஐயாறப்பன் திருவையாறு, ஆராவமுதன் கும்பகோணம், சட்டநாதன் சீர்காழி. வேதாரண்யத்தில் வேதரத்தினம், 1930 உப்பு சத்தியாகிரகத்தில் நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு நாகூரான் என்று பெயர் வைத்த இந்துக் குடும்பங்களும் உண்டு. இந்த வரிசையில் சௌரிராஜன், திருக்கண்ணபுரத்துக்காரன்.

திருக்கண்ணபுரம் ஆழ்வார்கள் பாடிய 108 திவ்யதேசங்களில் ஒன்று. அங்கே மூலவர் நீலமேகப் பெருமாள். சௌரிராஜன் என்பது உற்சவர் பெயர். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மூலவர் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. உற்சவர்தான் பல்லக்கில் ஏறித் தெருவுக்கு வருகிறார், வாசலில் நின்று தீபாராதனை வாங்கிக்கொள்கிறார். எதிரில் வந்து நின்ற சாமியின் பெயரைத்தானே ஜனங்கள் பிள்ளைக்கு வைப்பார்கள்?

பெயருக்கு ஊரில் சொல்லும் கதை முடியைப் பற்றியது. சாமிக்குச் சாத்திய மாலையை அர்ச்சகர் ராஜாவுக்குக் கொடுக்கிறார். மாலையில் ஒரு முடி. "சாமி மாலையில் மனுஷ முடி எப்படி வந்தது?" என்று ராஜா கேட்க, அர்ச்சகர் பயத்தில், "அது பெருமாள் முடிதான்" என்று சொல்லிவிடுகிறார். காட்டு என்கிறான் ராஜா. மறுநாள் பார்த்தால் பெருமாளுக்கு நிஜமாகவே முடி வளர்ந்திருக்கிறது. அமாவாசை உலாவில் இன்றைக்கும் அந்தத் திருமுடியைப் பார்க்கலாம். சின்ன வயதில் நான் சாமியின் முன்பக்கம் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடிப் போய் நிற்பேன். என்னைப்போல நாலைந்து பையன்கள் அங்கே ஏற்கெனவே நிற்பார்கள்.

சவுரி என்றால் பெண்கள் வைத்துப் பின்னும் ஒட்டுமுடி என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன பட்டப்பெயர் இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது தலையில் இருப்பதைப் பார்த்தால் அந்தப் பட்டப்பெயரும் பொருந்தாது.

உபன்யாசம் செய்கிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். விஷ்ணு சகஸ்ரநாமத்தில் சௌரி என்ற நாமம் இரண்டு இடத்தில் வருகிறது. வசுதேவரின் அப்பா சூரன். அந்த வம்சத்தில் வந்ததால் கண்ணன் சௌரி. எனக்கென்னவோ பெயர் சகஸ்ரநாம வழியில் வந்திருக்கும், முடிக்கதை பிற்பாடு அதில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்றுதான் படுகிறது. ஆனாலும் பேத்திக்குச் சொல்லும்போது முடிக்கதையைத்தான் சொல்கிறேன். வம்சாவளியைக் கேட்டு எந்தக் குழந்தை கண் விரிக்கும்?

மாசி மகத்தைப் பார்க்காமல் இந்தப் பெயரைப் புரிந்துகொள்ள முடியாது. அன்றைக்குப் பெருமாள் திருக்கண்ணபுரத்திலிருந்து கிளம்பிக் காரைக்காலை ஒட்டிய திருமலைராயன்பட்டினத்துக்குக் கடலாட வருகிறார். நாகை மாவட்டத்தில் கிளம்பிப் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள் போய்விட்டுத் திரும்புகிற சாமி. பட்டினச்சேரி மீனவர்கள்தான் தோள் கொடுத்துத் தூக்குவார்கள். பெருமாள் கல்யாணம் செய்துகொண்ட பத்மினி நாச்சியார் மீனவத் தலைவர் மகள் என்பது ஐதீகம். அதனால் அவர்களுக்கு இவர் மாப்பிள்ளை. "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கத்திக்கொண்டு மணலில் தூக்கி ஓடும்போது பக்தி எது, உறவு முறைக் கேலி எது என்று பிரிக்கவே முடியாது. சாமிக்குப் பட்டுச் சாத்துகிறவர்களும் இப்படியே சொந்தம் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆரவாரத்துக்குப் பக்கத்தில் மற்ற கோயில் உற்சவங்கள் கொஞ்சம் சோகைதான்.

நாகப்பட்டினத்தில் நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். கடைக்கு வருகிற சௌரிராஜன்களில் அய்யங்கார் உண்டு, விவசாயி உண்டு, படகு வைத்திருப்பவர் உண்டு. பெருமாள் நடந்து போகிற வழியிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறார்கள். மதுரைக்காரர் ஒருவர்கூட இந்தப் பெயரில் வந்ததில்லை.

அந்தக் கிறிஸ்டியன் கேள்விக்கு வருகிறேன். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரின் பெயரில் சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள் என்று கடற்கரை முழுக்கப் பெயர்கள் உண்டு. வேளாங்கண்ணிப் பக்கம் சவரிராஜன் என்றே இருக்கிறார்கள். வாயால் சொல்லும்போது அவரும் நானும் ஒன்று. டிசம்பர் 3 சவேரியார் திருநாளுக்கு எனக்கு வாழ்த்து வரும். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன். உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சவேரிநாத பிள்ளை என்றொரு மாணவர் இருந்தார். கிறிஸ்தவர். 1876-இல் ஆசிரியர் காலமாகும்வரை அந்தச் சைவப் புலவரோடு கூடவே இருந்து பணிவிடை செய்தவர். இப்படிப்பட்ட மண்ணில் சவரி யார், சௌரி யார் என்று குழம்பினால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

குடி முழுகுவது கம்ப்யூட்டரில்தான். சௌ என்பதைச் சரியாக அடித்தால் ஒரே ஔகாரக் குறி. பலர் 'செ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டுவிடுவார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அது செ-ள-ரி. தேடினால் வராது. ஆதாரில் சௌரிராஜன், குடும்ப அட்டையில் சவுரிராசன், சாதிச் சான்றிதழில் 'செ' போட்ட செளரி என்று ஒரே மனிதர் மூன்று ஆளாக என் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆங்கிலத்தில் எஸ்-ஓ-டபிள்யூவா, எஸ்-ஓ-யூவா என்பது தனிச் சண்டை. எனக்கே ஓர் அலுவலகத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். பெயர் திருத்தும் வேலையே பார்க்கிற ஆளுக்கு அந்தக் கதி.

புதிதாக இந்தப் பெயரை வைத்து நான் பார்ப்பது ரொம்ப அபூர்வம். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஒரு வருஷம்வரை கட்டணமில்லை, அப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம்வரை சேர்க்கலாம். அவ்வளவு அவகாசம் இருந்தும் எல்லாரும் 'ஷ்', 'க்' என்று முடிகிற பெயரோடுதான் வருகிறார்கள். எண்கணிதக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்கும். நானும் அடித்துக் கொடுத்துவிடுவேன், அபிப்பிராயத்துக்குக் காசு வாங்குவதில்லை.

முன்பு தாத்தா பெயர் பேரனுக்கு என்பது கேள்வியில்லாத வழக்கம். எனக்கும் அப்படித்தான் வந்தது. வந்ததில் ஒரு சிக்கல்: மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அம்மா கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "தம்பி", கோபம் வந்தால் "டேய் பெரியவனே". பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பெயர் என்ன என்று கேட்டார்கள். அம்மா பக்கத்தில் நின்ற சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர்தான் சொன்னார்.

இப்போது என் பையன் புனேயில் இருக்கிறான். அங்கே ஷௌர்யா என்ற பெயருக்கு நல்ல கிராக்கியாம். அடுத்த குழந்தை பையனாக இருந்தால் அதை வைக்கலாம், உங்கள் பெயரும் வந்தமாதிரி ஆகும் என்றான். மருமகள் போனை வாங்கி, "அதெல்லாம் வேணாம் மாமா, சௌரிராஜன்னே வைக்கலாம். ஆனா உங்க பேரைச் சொல்லி நான் எப்படி அவனைத் திட்டறது?" என்றாள்.

திட்டும்மா, அதுக்குத்தானே பேரு என்றேன். பத்மினி நாச்சியார் வீட்டுக்காரர்களே அவரைக் கேலி பண்ணுகிறார்கள், உனக்கென்ன என்றேன். அப்புறம், எஸ்-ஓ-டபிள்யூவோ எஸ்-ஓ-யூவோ, பிறப்புச் சான்றிதழில் போடுவதையே ஆதாரிலும் போடச் சொன்னேன்.