யார் என்று கேட்டார், கையைக் காட்டினேன்

சிங்கப்பூரில் ஆற்றங்கரையை ஒட்டிய கேளிக்கை இடமான கிளார்க் கீயில், ஒரு மதுக்கூடத்தின் வாசல் காவலாளி நான். அன்றிரவு இரண்டு கூட்டம் முறைத்துக்கொண்டபோது போலீஸைக் கூப்பிட்டது சரிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் தப்பு என்கிறார்கள். அடி விழவில்லை, பாட்டில் உடையவில்லை, அதற்குள் எதற்கு 999 என்று மேனேஜரும் கேட்டார். அவர் கவலை அவருக்கு. வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றால் எங்கேயாவது பதிவாகும், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது யாராவது கேள்வி கேட்பார்கள். எனக்கு உறுத்துவது அது இல்லை, அதற்கப்புறம் நடந்தது.

கிளார்க் கீயில் பாதிச் சண்டை ஒரு பார்வையில்தான் ஆரம்பிக்கும். 'என்ன பாக்குற?' அவ்வளவுதான். அன்றைக்கும் அதேதான். ஒரு மேசையில் நம் தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர், இன்னொரு பக்கம் சீனரும் மலாய்க்காரருமாக ஆறேழு பேர். வழக்கமாக என்ன செய்வோம் என்றால், ஒரு கூட்டத்தை முதலில் அனுப்பிவிட்டு மற்றதை உள்ளேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பில்லில் ஏதோ குழப்பம் என்று பொய் சொல்லியாவது கால் மணி நேரம் இழுப்போம். அதற்குள் முதல் கூட்டம் டாக்சி ஏறியிருக்கும். அன்று கடை மூடும் நேரம், விளக்கைப் போட்டாயிற்று, இரண்டு கூட்டமும் ஒன்றாக எழுந்துவிட்டது.

வாசற்படியைத் தாண்டினால் என் பேச்சுக்கு மரியாதை கிடையாது. கடைக்குள் இருக்கும் வரை 'கிளம்பு' என்று சொல்லலாம். வெளியே நடைபாதை வளாகத்துக்காரர்களுடையது, அதற்கு வேறு காவலாளிகள். இன்னும் நாலு எட்டு வைத்தால் ரோடு, பாலம், ஆற்றங்கரை, அதெல்லாம் போலீஸ் பார்த்துக்கொள்ளும் இடம். ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும் என்பதால் எல்லோரும் போய் நிற்பது ஒரே டாக்சி வரிசை. உள்ளே முறைத்துக்கொண்டவர்கள் அங்கே தோளோடு தோள் நிற்பார்கள்.

ஐந்து பேர் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர் சட்டத்தில் ஐந்து பேரும் அதற்கு மேலும் தகாத நோக்கத்தோடு கூடினால் சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக அதில் ஒருவன் கை நீட்டினாலே மொத்தப் பேர் மீதும் கலவரக் குற்றம் விழலாம், ஏழு வருஷம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. நான் அடிக்கவே இல்லை, பக்கத்தில்தான் நின்றேன் என்பது அப்போது எவ்வளவு தூரம் செல்லும்? இதையெல்லாம் நினைத்துத்தான் போன் பண்ணினேன். அந்தப் பையன்களுக்காகத்தான் என்று நான் சொன்னால் அது முழுப் பொய் இல்லை.

வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. நான் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அதிகாரி என்னைப் பார்த்து, யார் பிரச்சினை பண்ணுவது என்று கேட்டார். நான் ஒருவனைக் காட்டினேன். நம் பையன். அவன் குரல்தான் பெரிதாக இருந்தது, அவன்தான் முன்னால் வந்துகொண்டிருந்தான்.

அவனைத் தனியே கூட்டிப்போய் ஐசியை, அடையாள அட்டையை, வாங்கினார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணே, நான் யாரையாவது தொட்டேனா? உங்ககிட்டதானே வந்தேன். நம்ம ஆளு நிக்கிறாருன்னு உங்க பக்கத்துல வந்தேன்."

"தம்பி, எழுதிக்கிட்டு விட்டுடுவாங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லைதான். இரண்டு பக்கமும் விவரம் எடுத்துக்கொண்டு வேறு வேறு திசையில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் முன்னால் வந்தது அவர்களை நோக்கியா, என்னை நோக்கியா? நடுவில் நின்றவன் நான். அவன் எங்கே போனாலும் என் பக்கம் வருவது போலத்தான் தெரிந்திருக்கும். கேமராவில் பார்த்தாலும் அது தெரியாது.

அவன் கத்தியது எனக்கு வரிக்கு வரி புரிந்தது, 'வெளிய வா, பாத்துக்கலாம்' உட்பட. எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள்? சீனர்கள் பேசும் ஹொக்கியனில் எனக்கு வசவு மட்டும்தான் தெரியும், மலாய் ஓரளவு. அவர்கள் இன்னும் மோசமாகவே மிரட்டியிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, எழுதவே சங்கடமாக இருக்கிறது. 2013 டிசம்பர் 8-க்குப் பிறகு, குடித்துவிட்டு ரோட்டில் சத்தம் போடும் தமிழனைப் பார்த்தால் இந்த ஊருக்கு லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் கலவரம் ஞாபகம் வரும் என்று எனக்குள் ஒரு பயம். பேருந்தில் அடிபட்டு ஓர் ஊழியர் செத்ததில் தொடங்கி, கவிழ்ந்து எரிந்த வண்டிகளில் போய் முடிந்த இரவு அது. இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்ற 2015 சட்டத்துக்குப் பின்னால் அந்த இரவு இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு முன் கிளார்க் கீயை ஒட்டிய ரீட் பாலத்தில் உட்கார்ந்து மலிவாக வாங்கிக் குடித்த இளவட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் பாட்டுக்கு வருவார்கள், கலைவார்கள். இப்போது எல்லோரும் உள்ளே, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கிறது. சட்டம் வந்தபின் பாலம் அமைதியானது உண்மை. அந்த மூடும் நேரத்துக் கூட்டத்தை வாசலில் நின்று வாங்கிக்கொள்வது என்னைப் போன்றவர்கள் என்பதும் உண்மை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆள் என்பதால் அவனைக் காட்டினேனா? நம் ஆள் என்பதால் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று காட்டினேனா? இல்லை, நிஜமாகவே அவன்தான் பற்றவைத்திருப்பானா? ஒவ்வொன்றையும் நினைக்கும்போது அதுதான் உண்மை என்று தோன்றுகிறது.

விடிந்ததும் அறிக்கை எழுதினேன். அவனைப் பற்றி 'இந்திய ஆண், இருபது வயதுக்கு மேல், உரத்த குரல், முன்னேறி வந்தார்' என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்துக்கு 'மற்றொரு குழு' என்பதோடு சரி. இதில் பொய்யான வார்த்தை ஒன்றும் இல்லை, இப்போது எழுதச் சொன்னாலும் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம், போலீஸ் கேட்டால் ஒருவனை மட்டும் காட்டாதே, இரண்டு கூட்டத்தையும் சொல்லு, மீதியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறேன். போன மாதம் அப்படிச் சொன்னபோது ஒருத்தன், "அண்ணே, ஒருத்தன் மட்டும் முன்னால வந்துக்கிட்டே இருந்தா?" என்று கேட்டான். அவனைக் காட்டு என்றுதான் சொன்னேன்.