அம்மாவின் பெயர் அந்தப் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது

அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பது தெரிந்து அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அம்மா கரூர் மாவட்டத்தில் எங்கள் கிராமத்தில் நான்கு ஆடுகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தபோது அலமாரியைத் துடைக்கையில் மாத்திரை அட்டைகள் கையில் கிடைத்தன. வாங்கிக் கொடுத்து 25 நாள் ஆகிவிட்டது. ஆனால் 30 மாத்திரையில் 17 அப்படியே இருந்தன.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன் கண்ணு. அத்தனை காசு கொடுத்து வாங்கறது, கொஞ்ச நாளைக்கு வரட்டும்னுதான்" என்றார்.

டவுனில் தனியார் மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். மருந்து, ரத்தப் பரிசோதனை, பீஸ், பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,600 ரூபாய் ஆகும். பணம் நான்தான் அனுப்புவேன். அது மாத்திரையாகக் கரைவதைப் பார்க்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. சரி, இனிமேல் அரசு மருத்துவமனைதான் என்று முடிவு செய்தேன்.

அதற்கு என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. மறுநாள் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. அம்மா காலையில் இட்லி சாப்பிட்டிருந்தார். சர்க்கரை பார்க்க வேண்டும் என்றால் காலையிலேயே வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இது தெரியாமல் எங்களைப் போலத் திரும்பிப் போனவர்கள் அன்று மட்டும் நான்கைந்து பேர் இருப்பார்கள். வாசலில் ஒரு பலகை வைத்திருந்தால் அத்தனை பேருக்கும் அரை நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

வரிசையில் நின்ற ஓர் அக்காதான் வழி சொன்னார். "உங்க ஊர் எந்த சப்-சென்டருக்குக் கீழ வருது? முதல்ல அங்க போங்க. அவங்க எழுதிக் கொடுத்துட்டா இங்க சுலபமுங்க."

எங்கள் ஊருக்குத் துணை சுகாதார நிலையம் இருப்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. சின்ன வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்டது அங்கேதான். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டுமான இடம் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ரொம்பக் காலம் அப்படித்தான் இருந்திருக்கிறது. 2018இல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடு முழுக்க ஒன்றரை லட்சம் துணை சுகாதார நிலையங்களையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நலவாழ்வு மையங்களாக மாற்றுவதை அதன் ஒரு பாதியாக வைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று சத்தீஸ்கரில் பீஜாப்பூர் மாவட்டத்தின் ஜாங்க்லாவில் முதல் மையம் திறக்கப்பட்டது. அதே திட்டத்தின் மறுபாதியான 5 லட்ச ரூபாய் காப்பீட்டு அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த அட்டைக்கு வேலை வருவது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு. படுக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது இந்த நலவாழ்வு மையங்களின் வேலை. எங்கள் ஊரிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை அங்கே போனோம். கிராம சுகாதார செவிலியர் அம்மாவின் பெயரையும் தெருவையும் கேட்டுவிட்டுப் பெரிய பதிவேடு ஒன்றைத் திறந்தார். விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினார். அம்மாவின் பெயர், வயது 61, கதவு எண் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாமே காலி.

"மூணு தடவை வந்துட்டேனுங்க. கதவு பூட்டியே இருந்துச்சு."

அம்மா ஆடு மேய்க்கப் போயிருப்பார், இல்லாவிட்டால் நூறு நாள் வேலைக்கு. நாங்கள் எங்கெங்கோ அலைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் மூன்று முறை வந்து திரும்பியிருக்கிறார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த 5,000 பேரில் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறோம், அங்கே போனாலும் போகாவிட்டாலும். இதை எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையோ பிரஷரோ மாரடைப்போ உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். நான்கைத் தாண்டினால் கூடுதல் கவனம் வேண்டுமாம். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவார். வெளியில் கேட்டால் இல்லை என்று தலையாட்டுபவர் இங்கே மறைக்கவில்லை. உடனே டார்ச் அடித்து வாய்க்குள் கன்னம் வரை பார்த்தார்கள். புண்ணோ வெள்ளைத் திட்டோ இல்லை. பிரஷர் இரண்டு முறை பார்த்தார்கள், 168/98. பி.எச்.சி.க்கு, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, ஒரு சீட்டு எழுதி, வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கணும், சாப்பாட்டைக் கையில் எடுத்துட்டுப் போங்கம்மா என்று சொல்லி அனுப்பினார்.

இந்தத் தடவை பி.எச்.சி.யில் ஒரு சிக்கலும் இல்லை. சர்க்கரை வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பிறகு 262. டாக்டர் சர்க்கரைக்கு மெட்பார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் எழுதினார். 30 நாளுக்கு மருந்து கையில் கிடைத்தது, ஒரு ரூபாய் செலவில்லை. மருத்துவப் பதிவுகளுக்கான டிஜிட்டல் அடையாள எண்ணான ஆபா எண் உருவாக்கும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினோம். ஆதாரில் இருந்த செல்போன் எண் என்றைக்கோ செத்துப்போயிருந்தது, ஓ.டி.பி. வரவில்லை. ஆபா இல்லாவிட்டாலும் மருந்து உண்டு, அது கட்டாயமில்லை. ஆபா இல்லை என்று சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் நின்று கேளுங்கள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்று அம்மாவைப் பயமுறுத்தினார்கள். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் இந்த மருந்துகளை மாநிலம் முழுக்க மொத்தமாக வாங்குகிறது. வந்த மருந்தின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். மாத்திரையின் நிறமும் அளவும் மாறியிருந்ததால் அவருக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்தது. பழைய அட்டையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மெட்பார்மின் என்ற பெயர் இரண்டிலும் இருப்பதைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார்.

ஆறு வாரத்தில் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். தனியார் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்த காலமாக இருந்தால் அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருப்பார். இப்போது ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் வழியிலேயே துணை நிலையத்தில் நின்று காலைக் காட்டியிருக்கிறார். செவிலியர் டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, வரச்சொல்லி, வேறு மாத்திரைக்கு மாற்ற வைத்தார். அரசாங்கம் எங்கள் அம்மாவுக்குக் கொடுத்ததிலேயே பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். கால் வீங்கினால் போய்க் காட்ட நடக்கிற தூரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு ஆள் இருக்கிறார்.

கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அம்மா மூன்று மாதம் பிடிகொடுக்கவில்லை. "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்பார். செவிலியர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அம்மா சொல்லவில்லை. ஆனால் போய்ப் பார்த்துக்கொண்டார், ஒன்றுமில்லை என்று வந்தது. 30 வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. எனக்கு 37 வயது. கோவைக்குத் திரும்பியதும் எங்கள் தெரு எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கீழ் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அபார்ட்மென்ட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காதான் கூட்டிக்கொண்டு போனார்.

எல்லா மாதமும் ஒழுங்காகப் போகவில்லை. கார்த்திகையில் பிரஷர் மாத்திரை இருப்பு குறைவு என்று 15 நாளுக்குத்தான் கொடுத்தார்கள். மீதியைக் கடையில் மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கினோம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஆரம்ப நிலைச் சிகிச்சைக்குத் தருவோம் என்று எழுதியது. 2021-22இல் அந்தச் செலவு 1.84 சதவீதம். அம்மா அந்தப் பாதி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "மறுபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கட்டுமா கண்ணு?" என்று போனில் கேட்டபோது எனக்கு வந்த கோபம் சின்னது இல்லை.

தை மாதத்திலிருந்து மருந்து வீட்டுக்கே வருகிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கும் ஒரு பெண், ஒவ்வொரு மாதமும் முதல் தேதியை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார். கதவு பூட்டியிருந்தால் ஆட்டுப்பட்டிப் பக்கம் வந்து குரல் கொடுக்கிறாராம்.

போன மாதம் ஊருக்குப் போனேன். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து அட்டையை எண்ணினேன். அன்று 22ஆம் தேதி. எட்டு மாத்திரை பாக்கி இருந்தது.