மூன்றாவது வரி

பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறைக்கு லினக்ஸ் சர்வர் போட்டுக் கொடுத்தபோது, 500 ஜிபி டிஸ்க்கில் பாதிக்கு மேல் எதற்கும் ஒதுக்காமல் விட்டேன். "காசு கொடுத்து வாங்கின இடத்தை ஏன் சும்மா போட்டு வச்சிருக்கீங்க?" என்று முதலாளி கேட்டார். பழைய மெஷினில் நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. சிஸ்டம் இருக்கும் ரூட்டுக்கு 20 ஜிபி, மீதி முழுக்க பயனர்களின் ஃபைல்கள் இருக்கும் ஹோமுக்கு என்று யாரோ பிரித்திருந்தார்கள். லாக் ஃபைல்கள் பெருகி ரூட் நிரம்பியதும் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. பக்கத்திலேயே 400 ஜிபி காலி. ஒரு பிடி எடுக்க வழியில்லை.

டிஸ்க் இடத்தைப் பங்கிட லினக்ஸில் இருக்கும் எல்விஎம் அந்தச் சுவரை எடுத்துவிடுகிறது. டிஸ்க்கை வால்யூம் குரூப் என்ற பொதுக் கையிருப்பில் சேர்த்தால், வழக்கமாக 4 எம்பி துண்டுகளாக அது கணக்கு வைத்துக்கொள்ளும். ரூட், ஹோம் போன்ற ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து பிரித்துக் கொடுக்கும் லாஜிக்கல் வால்யூம் என்பது அந்தத் துண்டுகளின் பட்டியல்தான். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்றில்லை. இடம் போதாவிட்டால், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டலாம். குறைப்பதுதான் வம்பு. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்றால் அன்மவுண்ட் செய்த பிறகுதான், அதாவது பயன்பாட்டிலிருந்து விடுவித்த பிறகுதான், சுருக்க முடியும். ஆகவே முதலில் அளந்து கொடுப்பேன், கேட்கும்போது கூட்டுவேன்.

இதற்கெல்லாம் வெளியே, எல்விஎம்மில் சேராத சாதாரணப் பார்ட்டிஷனாக 8 ஜிபி. அதில், சர்வர் எழாமல் போனால் ரெஸ்க்யூவுக்கு என்று ஒரு சின்ன டெபியன் லினக்ஸ். எல்விஎம் கருவிகளும், தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச்சும் மட்டும் முக்கியம். அந்தக் கருவிகள் இல்லாத ரெஸ்க்யூ சிஸ்டத்துக்கு டிஸ்க் தெரியும், உள்ளே இருக்கிற வால்யூம்கள் தெரியாது. மெஷின் எழும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுவில் மூன்றாவது வரியாக அந்த டெபியனைச் சேர்த்து, மெனு 10 விநாடி நிற்கும்படி வைத்தேன்.

ஒரு மழை இரவு, கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு சர்வர் எழவில்லை. நான் அல்சூரில், ஊரைக் குறுக்கே தாண்டித்தான் பீன்யா போக வேண்டும். நைட் ஷிஃப்டில் இருந்த தர்மபுரிப் பையன் போன் செய்தான்.

"அண்ணா, 1 நிமிஷம் 30 விநாடின்னு எண்ணிக்கிட்டே இருந்துச்சு. இப்ப ரூட் அக்கவுண்ட் லாக்டுன்னு போட்டு நிக்குது. என்டர் அடிச்சாலும் அதேதான் வருது."

எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பேக்கப்புக்கான யுஎஸ்பி டிஸ்க்கை எழுதிய நான், 'டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ' என்று சொல்லும் 'நோஃபெயில்' போடவில்லை. டிஸ்க்கை யாரோ கழற்றியிருக்கிறார்கள். அது வருமென்று காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்குப் போன மெஷின், நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைக்காததால் அங்கேயும் கதவைச் சாத்திவிட்டது. அந்த நிலையில் நெட்வொர்க்கும் வரவில்லை, எங்கிருந்தும் உள்ளே நுழைய முடியாது.

"தம்பி, கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் அழுத்து. மெனு வந்ததும் கீழ் அம்புக்குறியை ரெண்டு தடவை தட்டு. மூணாவது வரி."

"ரெஸ்க்யூன்னு இருக்கே, அதாண்ணா?"

"அதேதான். என்டர்."

சற்று நேரத்தில் என் லேப்டாப்பில் ரெஸ்க்யூவுக்குள் லாகின் ஆனேன். வால்யூம்களைப் பட்டியலிடும் 'எல்விஎஸ்' அடித்தேன், ரூட், வார், ஹோம் என்ற வால்யூம்கள் மூன்றும் வரிசையாக நின்றன. ரூட் வால்யூமை மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேபில் அந்த வரியில் 'நோஃபெயில்' சேர்த்து, ரீபூட் கொடுத்தேன்.

"அண்ணா, லாகின் கேக்குது!"

மறு வாரமே, என் கையில் இருக்கும் எல்லா மெஷின்களின் எஃப்எஸ்டேபையும் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். இன்னும் இரண்டில் அதே தவறு இருந்தது.