எங்கள் வீட்டில் இட்லி அன்றாடப் பலகாரம் ஆன கதை

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் காலையில் ஆவி பறக்க இட்லிதான் என்றும், இப்போதுதான் பிள்ளைகள் பிரெட்டைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றும் வருத்தப்பட்டார். பந்தியில் வாதாடக் கூடாது என்பதால் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் நான் வளர்ந்த சென்னைப் புரசைவாக்கத்து ஒண்டுக்குடித்தனத்தில், 1970-களில், வீட்டில் இட்லி அவிப்பது வருடத்துக்கு நாலைந்து தடவை நடக்கும் காரியம். தீபாவளியன்று கறிக்குழம்போடு நிச்சயம் உண்டு. காய்ச்சல் கண்டவருக்குத் தெருமுனை இட்லிக்கடையில் இரண்டு வாங்கித் தருவார்கள். மற்ற நாட்களில் காலை ஆகாரம் பழையதும் வெங்காயமும்தான். முந்தைய நாள் குழம்பு மீந்திருந்தால் அதைச் சுண்டவைத்துத் தொட்டுக்கொள்வோம்.

இதற்குக் காரணம் கல். ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்துக் கிணற்றடியில் ஒரே ஓர் ஆட்டுக்கல் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய நாள் காலையிலேயே முறை தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் மாவு பொங்கத் தாமதமாகும் என்பதால் முதல் முறைக்குப் பெரிய போட்டி நடக்கும். கடைசி முறை கிடைத்த வீட்டில் மறுநாள் இட்லி, இட்லியாக இராது. ஒரு வருடம் அந்தக் கடைசி முறை எங்களுக்கு வாய்த்தது. இரவு பத்து மணிக்கு மேல் சிம்னி விளக்கைத் துவைக்கிற கல்லின் மீது வைத்துவிட்டு, ஆயா ஆட்ட உட்கார்ந்தார். வலக்கை குழவியைச் சுற்ற, விளிம்பில் ஏறும் உளுந்தை இடக்கை குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்; இரண்டு கையும் ஒரே தாளத்தில் போகாவிட்டால் விரல் நசுங்கும். உளுந்து பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு துளியைச் சொம்புத் தண்ணீரில் போடுவார்; மிதந்தால் வழித்தெடுத்துவிட்டு அரிசியைப் போடுவார். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. காலையில் இட்லி கல்லாகத்தான் இருந்தது. முதல் முறைக்காரரோடு ஆயா பொங்கல் வரை பேசவில்லை.

மின்சாரத்தில் ஓடும் கிரைண்டர் அதற்கு முன்பே வந்துவிட்டது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி அதை உருவாக்கினார் என்பது பதிவான வரலாறு. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. எங்கள் தெருவுக்கு அது வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. முதலில் ஓர் அம்மாள் வீட்டில் படிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு அரைத்துத் தந்தார். பிறகு 1984-இல் அம்மா தவணையில் சொந்தமாக ஒன்று வாங்கினார். அடுப்படியின் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்தச் சாய்க்கும் கிரைண்டர் ஓடும்போது ரேடியோ கேட்காது. ஆனாலும் அது வந்த மாதத்திலேயே வாரத்துக்கு இரண்டு முறை மாவு அரைபட்டது.

மிக்சி அதற்கு முன்பே வீட்டில் இருந்தது. சட்னிக்கும் மசாலாவுக்கும் அம்மியை ஓரங்கட்டிய மிக்சியால் உளுந்தை வெல்ல முடியவில்லை. மிக்சியின் பிளேடு வேகமாக வெட்டும், வெட்டும்போதே மாவைச் சூடாக்கும். கல்லோ மெதுவாக நசுக்கி, மாவுக்குள் காற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்ற கணக்கில் இட்லி பூவாக எழும்புவது இந்தக் காற்றாலும், உளுந்தோடு வரும் நுண்ணுயிர்கள் இரவெல்லாம் செய்யும் வேலையாலும்தான். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கும் மாவு, மார்கழியில் பொழுது விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும்.

பிரிட்ஜ் வந்த பிறகு நடந்தது இன்னும் பெரிய மாற்றம். அதுவரை மூன்றாம் நாள் புளித்துப்போகும் மாவு, இப்போது வாரம் முழுக்கத் தாங்கியது. இரவு சோறு வடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் அப்போதுதான் நின்றது. காலையில் இட்லி, இரவில் தோசை என்று ஆன இந்த ஏற்பாட்டைத்தான் என் தலைமுறை பரம்பரை வழக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயா தின்று வளர்ந்த கேழ்வரகையும் கம்பையும் இப்போது சர்க்கரை நோய்க்காக டாக்டர் எழுதித் தருகிறார். கேழ்வரகுக் களியைக் கண்டாலே ஓடியவன் நான் என்பதால் இதைப் பற்றி அதிகம் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

விறகுத்தொட்டியில் சவுக்குக் கட்டை வாங்கியது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை வரிசையில் நின்றது, 14.2 கிலோ சிலிண்டர் வந்த அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்தது என்று அடுப்புக்கும் ஒரு கதை உண்டு. ஆனால் அடுப்பு மாறியதால் நாங்கள் தின்றது மாறவில்லை, சமைத்தவரின் கண் எரிச்சல்தான் போயிற்று. உணவை மாற்றியது கல்லுக்கு மோட்டார் கிடைத்ததுதான். 2011-இல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது கேலி பேசியவர்களில் ஆண்களே அதிகம். அவர்களில் ஒருவரும் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தவரில்லை என்று நான் பந்தயம் கட்டுவேன்.

என் வீட்டில் கிரைண்டரை நிறுத்தியது 2019-ஆம் வருடத்துக் கோடை. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுகிடந்த அந்த மாதங்களில், கொளத்தூரில் எங்கள் அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. மாவு அரைப்பது பெரிதல்ல, உருளைக்கல்லின் இடுக்கில் ஒட்டியிருப்பதைக் கழுவி எடுக்க ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். எனவே தெருக்கடையில் பாக்கெட் மாவு வாங்கத் தொடங்கினோம். மழை வந்தது, ஏரி நிரம்பியது, பாக்கெட் நிற்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்ததும் கத்தரியை வாங்கி மூலையை வெட்டுவார். ஒரு துளியைத் தம்ளர்த் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். அது அநேகமாக முழுகிவிடும். "உளுந்தைக் குறைச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு, மாவைப் பாத்திரத்தில் ஊற்றிக் கையாலேயே ஒரு கலக்குக் கலக்கி மூடி வைக்கிறார்.