டார்ச் அடித்துத் தீர்த்த அரியர்

நெட்வொர்க் லேப் வைவாவில் எனக்கு வந்த முதல் கேள்வியே அதுதான். "அசிங்க்ரனஸுக்கும் சிங்க்ரனஸுக்கும் என்னப்பா வித்தியாசம்?" கம்பி வழியே டேட்டா அனுப்பும் இரண்டு முறைகள் இவை. மனப்பாடம் செய்த அட்டவணையை ஒப்பித்தேன். அசிங்க்ரனஸில் கிளாக் (நேரத்தை அளந்து தாளம் போடும் சிக்னல்) கிடையாது, சிங்க்ரனஸில் உண்டு. இது மெதுவானது, அது வேகமானது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சிரித்துக்கொண்டே என் கம்ப்யூட்டரைக் காட்டினார். "கிளாக்கே இல்லைன்னா இங்க 9600னு எதுக்கு செட் பண்ணியிருக்கே?" ரவுட்டரை செட் செய்யும் கன்சோல் போர்ட்டுக்காக நானே டைப் செய்த வேகம் அது, செகண்டுக்கு 9600 பிட் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1). பதில் வரவில்லை. அந்த செமஸ்டரில் தியரி பேப்பரும் போய்விட்டது.

எங்கள் ஏரியா அண்ணன் ஒருவர் சொன்ன உதாரணத்தைத்தான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அசிங்க்ரனஸ் என்றால் தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ, எப்போது வேண்டுமானாலும் வரும். சிங்க்ரனஸ் என்றால் மெட்ரோ, நேரத்துக்கு வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதில்தான் ஷேர் ஆட்டோ சுதந்திரம். ஒரு எழுத்து கிளம்பிவிட்டால், அதன் ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது முன்பே பேசி வைத்தது. 9600 என்றால் ஒரு பிட்டுக்குச் சுமார் 104 மைக்ரோ செகண்ட். இரண்டு பக்கமும் அவரவர் கிளாக் ஓடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

இது எனக்குப் புரிந்தது மொட்டை மாடியில். அரியருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி கரண்ட் போனது. தம்பியை எதிர்வீட்டு மாடிக்கு அனுப்பி, கையில் டார்ச் கொடுத்தேன். ஒரு பிட்டுக்கு ஒரு செகண்ட். சும்மா இருக்கும்போது டார்ச் எரிந்துகொண்டே இருக்க வேண்டும், அதாவது 1. (தந்திக் காலத்து வழக்கம் இது. கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். பேட்டரி தீர்ந்ததற்குத் தம்பி இன்னும் திட்டுகிறான்.) அணைத்தால் அது ஸ்டார்ட் பிட். அந்த நொடியில் நான் எண்ண ஆரம்பிப்பேன். ஒன்றரை செகண்ட் கழித்து முதல் பிட்டைப் பார்ப்பேன், அப்புறம் செகண்டுக்கு ஒருமுறை. பிட்டின் ஓரத்தில் பார்க்காமல் நட்டநடுவில் பார்ப்பதற்குத்தான் அந்த அரை செகண்ட். எட்டு பிட் முடிந்ததும் மறுபடி எரியும், அது ஸ்டாப் பிட்.

ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'யை அனுப்பினான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அது 65, பைனரியில் 01000001. கடைசி பிட்தான் முதலில் போகும் என்பதால் கம்பியில் 0 (ஸ்டார்ட்), 10000010, 1 (ஸ்டாப்) என்று வரும். பரீட்சையில் வேவ்ஃபார்ம் வரையும்போது நிறையப் பேர் இதைத் திருப்பிப் போட்டு மார்க்கை விடுகிறார்கள்.

ஒவ்வொரு எழுத்தாக வந்தவரை தப்பே வரவில்லை. பிறகு ஸ்டார்ட், ஸ்டாப் இல்லாமல் நாற்பது பிட்டை ஒரே மூச்சில் அனுப்பச் சொன்னேன். பாதிக்கு மேல் குழம்பிவிட்டது. என் செகண்டும் அவன் செகண்டும் ஒன்றில்லை. ஸ்டார்ட் பிட்டின் வேலையே இதுதான்: ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்க வைப்பது. ஒன்பதரை பிட் நேரத்துக்குள் வித்தியாசம் அரை பிட்டைத் தாண்டக் கூடாது. அதனால் இரண்டு கிளாக்குக்கும் சேர்த்துச் சுமார் 5 சதவீதம் வரை பிசகலாம். இந்தக் கணக்கை விடையில் இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்து அம்மாவின் செல்போனையும் தம்பியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பிட்டுக்கும் அதன் லைட் ஒருமுறை மின்னும், அப்போது மட்டும் டார்ச்சைப் பார்ப்பேன். நாற்பது பிட்டும் சரியாக வந்தன. சிங்க்ரனஸ் என்பது இதுதான், கிளாக்கையும் சேர்த்து அனுப்புவது. தூரம் அதிகமானால் தனிக் கம்பி கட்டுப்படியாகாது, அதனால் கிளாக்கை டேட்டாவுக்குள்ளேயே ஒளித்து வைப்பார்கள். 10 மெகாபிட் ஈதர்நெட்டின் மான்செஸ்டர் என்கோடிங்கில் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் சிக்னல் மாறும். அந்த மாற்றத்தைப் பார்த்து வாங்குகிறவர் தன் கிளாக்கைச் சரிசெய்துகொள்வார்.

சிங்க்ரனஸில் பிட்டுகளை ஒரே கட்டாக அனுப்புவதுதான் ஃப்ரேம். அதற்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்தான் எனக்கு வாத்தியார். கேட் போட்டால் கூட்ஸ் வண்டி போகும்வரை நிற்க வேண்டும். முன்னால் இன்ஜின், பின்னால் கார்டு வண்டி, நடுவில் இடைவெளியே இல்லாமல் வேகன்கள். எச்டிஎல்சி என்ற சிங்க்ரனஸ் முறையில் ஃப்ரேமின் இரண்டு முனையிலும் 01111110 என்ற ஃப்ளாக், அதாவது எல்லை அடையாளம். அட்ரஸ், கன்ட்ரோல், தப்பைக் கண்டுபிடிக்க 16 பிட் எஃப்சிஎஸ் எல்லாம் சேர்த்துக் கூடுதல் சுமை 48 பிட்.

எது சிறந்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சிங்க்ரனஸ் என்று எழுதாதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 1000 எழுத்துக்கு அசிங்க்ரனஸில் (ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து எழுத்துக்கு 10 பிட்) 10,000 பிட், எச்டிஎல்சியில் ஒரே ஃப்ரேமாக 8,048. ஆனால் கீபோர்டில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால்? அங்கே 10, இங்கே 56. ஒரு மூட்டைக்காக யாரும் கூட்ஸ் வண்டி எடுப்பதில்லை.

8,048 என்பது பிட் ஸ்டஃபிங்கைச் சேர்க்காத கணக்கு என்று ஒரு வார்த்தை குறிப்பிட்டுவிடுங்கள். டேட்டாவுக்குள் ஃப்ளாக் மாதிரியே வந்துவிடாமல் நடுவில் 0 செருகுவதுதான் ஸ்டஃபிங். அதில் நான் செய்த தப்பு, ஆறாவது 1 வருகிறதா என்று பார்த்துக் காத்திருந்தது. ஐந்து 1 தொடர்ந்து வந்தாலே ஒரு 0 போட்டுவிட வேண்டும், அடுத்து வருவது எதுவானாலும். 01111110 டேட்டாவாக வந்தால் 011111010 என்று போகும். 0111110 வந்தாலும் 01111100தான். இரண்டாவது முறை எழுதியபோது கேள்வித்தாளில் இருந்தது இந்த இரண்டாவது வகை.