பிஸ்கட் டின்னில் வந்த இரண்டாண்டுக் கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் சிறுவர் காற்பந்துக் கழகத்தின் பொருளாளர் பொறுப்பை நான் ஏற்றபோது, முன்பு அதை வகித்த அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டி, "எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, தம்பி" என்றார். உள்ளே ரசீதுகள் கிடந்தன. பாதிக்கு மேல் மை மங்கி வெற்றுத்தாளாகியிருந்தன.

1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற கழகம் என்பதால், ஆண்டுப் பொதுக்கூட்டம் ஏற்ற கணக்கறிக்கையை விளையாட்டு ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் அனுப்பவில்லை. காசோலையில் கையெழுத்திடுவோரை மாற்றலாம் என்று வங்கிக்குப் போனால், புதிய நிர்வாகிகளை உறுதிப்படுத்தும் ஆணையர் அலுவலகக் கடிதத்தைக் கேட்டார்கள். அந்தக் கடிதத்துக்குக் கூட்டமும், கூட்டத்துக்குக் கணக்கும் வேண்டியிருந்ததால், டின்னிலிருந்துதான் தொடங்க வேண்டியதாயிற்று.

வங்கி அறிக்கையை ஒரு பக்கமும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிட்டேன்" என்று போட்ட செய்திகளை மறுபக்கமும் வைத்து, மாதம் மாதமாக எழுதினேன். மங்கிய ரசீதுகளுக்குக் கடைக்காரரிடமும் வேன்காரரிடமும் மறுபடி எழுதி வாங்கினேன். மூன்று வாரம் பிடித்தது. முடிவில், கைக்கு வந்த பணத்தைவிடச் செலவு 1,140 வெள்ளி அதிகமாக இருந்தது. பணம் குறைந்திருந்தால் திருட்டு என்று பேசியிருப்பார்கள்; செலவு கூடியிருந்தும் சிலர் அப்படித்தான் பேசினார்கள்.

விஷயம் எளிது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். இரண்டாமவரான செயலாளர் வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டார். வங்கியில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாததால், ஈப்போ போட்டிக்கான வேன் வாடகையையும் பந்துகளின் விலையையும் அண்ணன் தம் சம்பளத்திலிருந்தே கொடுத்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லாததுதான் அவர் செய்த ஒரே தவறு. என் பார்வையில் அது சிறிய தவறும் அன்று.

நன்கொடையாக எழுதிவிடச் சொன்னார். செயலவையில் இல்லாத எங்கள் இரு கணக்காய்வாளர்களும் அதை ஏற்கவில்லை: கொடுத்தபோது நன்கொடை என்று பதியாததை இப்போது அப்படி மாற்றக்கூடாது, கழகம் அவருக்குப் பட்ட கடனாகவே காட்ட வேண்டும் என்றனர். பொதுக்கூட்டமும் அவ்வாறே ஏற்றது.

ஆணையர் அலுவலகக் கடிதம் வந்து, கையெழுத்துகளும் மாறின. நான் எழுதிய முதல் காசோலை அண்ணன் பெயருக்குத்தான். நான்கு மாதமாகியும் அவர் அதை வங்கியில் போடவில்லை. ஆறு மாதம் கடந்தால் அது செல்லாது. அதுவரை, வங்கி அறிக்கையையும் எங்கள் கணக்கையும் பொருத்திப் பார்க்கும் வங்கி ஒப்பீட்டில், மாற்றப்படாத காசோலை என்ற வரிசையில் 1,140 வெள்ளி மாதந்தோறும் நின்றுகொண்டிருக்கும்.